பமோன்யா சாப்பிட்டாளா?

‘ஏழு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் பாம்பு இனி என் வீட்டில்தான்.’

பதினாலு மாதத்தில் வால்டெசி தன் மனைவி ஜுசாராவுக்கு அனுப்பிய முதல் செய்தி இது. நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. ‘செவ்வாய் பத்து மணி. டாக்டர் தைனா. எடை பார்க்கிறோம்’ என்று அதற்குக் கீழே இன்னொரு வரி, அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதன், கரண்ட் நிறுத்தப் போகிறோம் என்று வருகிற அறிவிப்பைப் போல எழுதியிருந்தான்.

ஜுசாரா பயப்படவில்லை. அவள் பயப்படுகிற ரகம் இல்லை. லாவ்ராஸ் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். முதல் நாள் வந்த ஆள் சர்க்கரை லாரிக்கு நேராக வண்டியை விட்டாலும், தன் பக்கத்து பிரேக்கை நிதானமாக அழுத்திவிட்டு, "இப்ப நீங்க என்ன பண்ணியிருக்கணும்?" என்று கேட்பவள். இந்த ஒரு வரிச் செய்திக்கா அசைந்துவிடுவாள்?

அவளுடைய தைரியத்துக்குக் காரணம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. பாம்பு பமோன்யாவின் சாப்பாட்டுத் தாள். தேதி, எலியின் எடை, சாப்பிட்டாளா இல்லையா, எப்போது சட்டை உரித்தாள், எப்போது வெளிக்குப் போனாள், எல்லாம் நீல மையில் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். மலைப்பாம்பு மாதிரியான வளர்ந்த போவா பாம்புக்கு மாதத்துக்கு ஒரு பெரிய எலி என்பது டாக்டர் சொன்ன கணக்கு. மாதத்துக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தாள். ஒரு தேதி பிசகவில்லை.

ஆகவே பமோன்யா பருத்திருக்கிறாள் என்றால் அது வால்டெசி வீட்டுக் கைங்கரியம். இதில் ஜுசாராவுக்குச் சந்தேகமே இல்லை.

சோள மாவைச் சோள மடலில் பொதிந்து வேகவைத்துச் சாலையோரம் விற்பார்களே, அந்தப் பண்டத்தின் பெயர்தான் பாம்புக்கு. ஒன்பது வருடத்துக்கு முன் பாம்புப் பண்ணையிலிருந்து வந்தபோது உள்ளங்கையில் சுருண்டு அப்படித்தான் இருந்தாள். மந்தமான ஆளையும் இந்த ஊரில் பமோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பொருத்தம் போகப் போகத்தான் தெரிந்தது.

ஜுசாராவும் வால்டெசியும் பிரிந்தபோது சாமான்களுக்குச் சண்டை வரவில்லை. சோபா உனக்கா, எடுத்துக்கொள். துணி துவைக்கும் இயந்திரம் எனக்கா, சரி. பாம்பு விஷயத்தில்தான் இருவரும் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அவன் தங்கை மார்லூசி நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னாள். பதினைந்து நாள் அண்ணி வீடு, பதினைந்து நாள் அண்ணன் வீடு. கொண்டுபோய் விட, கொண்டுவர அவள் பொறுப்பு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் அவளுடைய வேன் சனிக்கிழமை சும்மாதானே நிற்கிறது? பாம்புப் பெட்டியை முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டு எடுத்துக்கொண்டு வருவாள்.

பெட்டியை இறக்கும்போது ஜுசாரா ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பாள். அங்கே இவள் சாப்பிட்டாளா? மார்லூசியும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். பெரிதாக ஒன்றும் இல்லை அண்ணி, சும்மா டிபன் மாதிரிதான். அந்த ஆள் ஏதோ ஒரு சுண்டெலியைக் காட்டி ஏமாற்றியிருக்கிறான், மீதிக்கு அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கண்டதையும் போட்டிருப்பார்கள் என்று ஜுசாரா பல்லைக் கடித்துக்கொள்வாள். இரண்டு நாள் பாம்பை ஓய்வெடுக்க விட்டு, மூன்றாம் நாள் உறைபெட்டியில் வைத்த முன்னூறு கிராம் எலியை வெந்நீரில் உறைவு நீக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டுவாள்.

உரிமைச் சீட்டு மட்டும் வால்டெசியின் பெயரில் இருந்தது. வாங்கப் போன அன்று ஜுசாராவுக்கு வகுப்பு. அதனால் அடையாளத்துக்காகப் பாம்பின் உடலுக்குள் வைத்த மின்னணுச் சில்லின் எண்ணும் அவன் பெயரும் ஒரே தாளில் பதிவாகிவிட்டன. அவன் கொண்டுபோவேன் என்றால் சட்டப்படி கொண்டுபோகலாம். அதுதான் இந்தச் செவ்வாய்க்கிழமையின் ஆபத்து.

ஜுசாரா கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறந்து பமோன்யாவை இரண்டு கையாலும் தூக்கினாள். பாம்பு சோம்பலாக அவள் தோளைச் சுற்றியது. கனம்தான். வாலின் ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் மெத்தென்று ஏதோ புடைத்திருந்தது. வளைகிற இடத்தில் செதில்களுக்கு நடுவே வெளிறிய தோல் தெரிந்தது. வீட்டுக்கு வந்த எல்லோரும், "கொழுகொழுன்னு என்ன அழகு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். இன்று அந்த மெத்தென்ற இடம் கையில் உறுத்தியது.

"நீ கவலப்படாதே. தப்பு நம்ம பேர்ல இல்ல" என்றாள் பாம்பிடம்.

பாம்புக்குச் சொன்னது கேட்காது என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் வால்டெசியிடம் பேசியதை விட இது ஒன்றும் மோசமில்லை. ஆனால் வாடகைக்கு எடுத்த இந்த இரண்டு அறை வீட்டில் மாலையில் விளக்கைப் போட்டதும் தலையைத் தூக்கிப் பார்க்கும் உயிர் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதே காலுக்கு மார்லூசி வேனை வாசலில் நிறுத்தினாள். சாப்பிட்டாயா என்று ஜுசாரா கேட்டாள். "ஆச்சு அண்ணி, சும்மா ஒரு வாய்தான்" என்றாள் அவள். ஜுசாரா சுடச்சுட இருந்த சீஸ் ரொட்டித் தட்டை நகர்த்தினாள். மார்லூசி நான்கு ரொட்டியைத் தின்று, காபியைக் குடித்து, வழிக்கு என்று இரண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

வேனில் போகும்போது மார்லூசி வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் ஓட்டினாள். என்ன விஷயம் என்று ஜுசாரா இரண்டு தரம் கேட்டும் ஒன்றுமில்லை என்றாள். மூன்றாவது தரம் பதில் வந்தது.

"அண்ணன் இந்தத் தடவ விளையாட்டுக்குச் சொல்லல அண்ணி. நிஜமாவே எடுத்துக்கப் போறான்."

"எடுத்துக்கட்டும் பாக்கலாம். அந்த வீட்டுல யாருக்காவது ‘இல்ல’ன்னு சொல்லத் தெரியுமா? ஞாயித்துக்கெழம இறைச்சி சுடறப்போ இவளுக்கும் ஒரு பங்கு போட்டிருப்பாங்க."

மார்லூசி கியரை மாற்றினாள். அதற்கு அவள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் எழுப்பியதாக ஜுசாராவுக்குத் தோன்றியது.

வால்டெசியின் குறை இந்த ஊருக்கே தெரியும். யார் என்ன கேட்டாலும் சரி என்பான். உயர்மின் கம்பிக் கோபுரத்தில் ஏறி வேலை செய்கிற ஆள். அறுபது அடி உயரத்தில் நடுங்காத கால் வீட்டு வாசலில் ஒரு விருந்தாளியைப் பார்த்தால் வழிவிட்டு நின்றுவிடும். கூடத்தில் கூட்டாளிகள், பின்கட்டில் தம்பிகள், சோபாவில் யாரோ. ஒரு நாள் ஜுசாரா வேலை முடிந்து வந்தபோது அவள் கட்டிலிலேயே முன்பின் தெரியாத ஒருவன் ஷூவோடு தூங்கிக்கொண்டிருந்தான். கூட்டாளியின் மச்சானாம். அன்றைக்கு அவள் கணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் பிடிக்கவில்லை. பெட்டியைக் கட்டினாள்.

மருத்துவமனையில் வால்டெசி அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவன் தானே இஸ்திரி போட்டிருக்கிறான், காலரைக் கருக்கியிருக்கிறான் என்பதை ஜுசாரா ஒரு பார்வையில் கண்டுபிடித்தாள். அவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே உரிமைச் சீட்டு.

இருவரும் மார்லூசியைத்தான் பார்த்துப் பேசினார்கள். பாம்பு கடைசியாக எப்போது வெளிக்குப் போனது என்று உன் அண்ணியைக் கேள் என்றான் அவன். வெள்ளிக்கிழமை என்று உன் அண்ணனிடம் சொல் என்றாள் இவள். நடுவில் உட்கார்ந்திருந்த மார்லூசி காகிதத்தைப் பிரித்து ஒரு சீஸ் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் தைனா சாவோ பாவ்லோக்காரி. லாவ்ராஸுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அதற்காகவே ஊரில் பலருக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் பாம்பைத் தொடத் தெரிந்த ஒரே டாக்டர் அவர்தான்.

மூடி போட்ட ஒரு தொட்டியைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, பமோன்யாவை உள்ளே இறக்கினார். எண் இரண்டு தரம் துடித்து நின்றது.

எட்டு கிலோ நானூறு.

வால்டெசி பிளாஸ்டிக் உறையின் மேல் கையை வைத்தான். ஜுசாரா தன் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். அங்கே பிரேக் எதுவும் இல்லை.

டாக்டர் பாம்பை மேசையில் நீட்டி வைத்துக் காட்டினார். போன வருடம் இதே பாம்பு ஐந்து கிலோ அறுநூறு இருந்ததாம். ஆரோக்கியமான போவாவின் உடம்பை நடுவில் வெட்டிப் பார்த்தால் வீட்டில் சுட்ட பன் ரொட்டியைப் போல இருக்க வேண்டுமாம்: அடி தட்டை, மேலே மெதுவான வளைவு. இது உருளையாகிவிட்டது. முதுகெலும்பு மேடாகத் தெரிய வேண்டிய இடத்தில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். வால் சீராக மெலிந்துகொண்டே போக வேண்டியது, ஆரம்பத்திலேயே இரண்டு பை கட்டியிருக்கிறது.

"உள்ள கல்லீரல்லயும் இதே கொழுப்புதான் சேருது" என்றார். "காட்டுல ஒரு பாம்பு மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கும், ஒண்ணும் ஆகாது. வீட்டுல வளர்க்கறவங்கதான் பாசம்னு சொல்லிக் கொன்னுடறாங்க. இப்படியே போனா இவ ரெண்டு வருஷம் தாங்க மாட்டா. யார் சாப்பாடு குடுக்கறது?"

"நான்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

முதல் தடவையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜுசாரா கைப்பையிலிருந்து தன் தாளை எடுத்து மேசையில் வைத்தாள், துருப்புச் சீட்டைப் போடுகிற தோரணையில். வால்டெசியும் சட்டைப் பையிலிருந்து ஒரு நாட்காட்டியை எடுத்தான். ஆணி, கம்பி விற்கும் கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுத்தது. அதில் சில தேதிகளைச் சுற்றி வட்டம், பக்கத்தில் கோணல் எழுத்தில் எலியின் எடை. அவன் கணக்கு எழுதுவான் என்று ஜுசாரா கனவிலும் நினைத்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் எரிவாயு உருளை எப்போது மாற்றினோம் என்றுகூட அவனுக்கு நினைவிருந்தது கிடையாது.

டாக்டர் இரண்டையும் அருகருகே வைத்தார். விரலை அந்தத் தாளுக்கும் இந்த நாட்காட்டிக்கும் மாற்றி மாற்றி நகர்த்தினார். மார்ச் மூன்று, முன்னூறு கிராம். மார்ச் பதினேழு, முன்னூற்று இருபது. ஏப்ரல் ஒன்று. ஏப்ரல் பதினைந்து.

"மாசத்துக்கு ஒண்ணுன்னுதானே சொன்னேன்?"

"மாசத்துக்கு ஒண்ணுதான் குடுத்தேன்" என்றாள் ஜுசாரா.

"நானும்" என்றான் வால்டெசி.

டாக்டருக்குக் கோபம் வந்தது. இரண்டு வீட்டிலும் ஒன்று என்றால் மாதத்துக்கு இரண்டு ஆகிறதே, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டீர்களா என்றார். ஜுசாராவுக்குச் சுருக்கென்றது. கேட்காமல் இருப்பாளா? ஒவ்வொரு தடவையும் கேட்டேன், சும்மா டிபன் மாதிரிதான் என்று பதில் வந்தது, இவர் வெறும் சுண்டெலிதான் கொடுத்திருக்கிறார் என்றாள். வால்டெசி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். நான் எப்போது சுண்டெலி கொடுத்தேன், நீதான் பாம்பைப் பட்டினி போட்டு அனுப்புகிறாய் என்று எனக்குச் செய்தி வந்தது என்றான்.

யாரிடமிருந்து செய்தி?

மூன்று பேரும் மார்லூசியைப் பார்த்தார்கள். அவள் இரண்டாவது சீஸ் ரொட்டியைப் பாதி கடித்தபடி இருந்தாள்.

"நான் பொய் சொல்லல" என்றாள் மென்று விழுங்கிவிட்டு. "சாப்பிட்டாளான்னு கேட்டீங்க. சும்மா டிபன் மாதிரி, ஒரு வாய்தான்னு சொன்னேன்."

"அங்க முழு எலி தின்னிருக்காளேடி" என்றாள் ஜுசாரா.

"தின்னா. அதுக்குன்னு? ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் வந்திருக்கோம்னு யாராவது சொல்வாங்களா அண்ணி? அது உங்களுக்கு மரியாதையா? நம்ம வீட்டுப் பொண்ணு ஒரு இடத்துக்குப் போறப்போ எப்படிச் சொல்லுவோமோ அப்படித்தான் சொன்னேன்."

ஜுசாராவுக்கும் வால்டெசிக்கும் அது உடனே புரிந்தது. டாக்டர் தைனாவுக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்று சொல்வதில் என்ன மரியாதைக் குறைவு என்று கேட்டார்.

அவருக்கு எப்படிப் புரியும்? இந்த ஊரில் நாலு மணிக்கு உட்கார்ந்து ஆறு சீஸ் ரொட்டி, இரண்டு துண்டு சோளக் கேக், அதன்மேல் கொய்யா அல்வாவும் சீஸும் உள்ளே தள்ளிய ஆள், ஏழு மணிக்கு வேறொரு வீட்டுக்குப் போய், மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பான். அது பொய்யில் சேராது. நீ வைக்கிற தட்டுக்கு என் வயிற்றில் இடம் விட்டிருக்கிறேன் என்று பொருள். வைக்கிறவரும் அதை நம்பியதுபோல் வைப்பார். ஜுசாராவே ஆயிரம் தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள். அன்று காலையில்கூட மார்லூசி அவளிடம் அப்படித்தான் சொன்னாள், அவளும் தட்டை நகர்த்தினாள். ஆனால் பாம்பின் வாயிலிருந்தும் அதே மரியாதை வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பதினாலு மாதம் வால்டெசியைத் திட்டியதெல்லாம் அவள் மனதில் வரிசையாக வந்து நின்றது. அவன் சுண்டெலி கொடுக்கவில்லை. ஏமாற்றவில்லை. வட்டம் போட்டுத் தேதி எழுதியிருக்கிறான். ஜுசாராவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாததால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.

மார்லூசி அழத் தொடங்கியிருந்தாள். வால்டெசி அவள் தலையில் கையை வைத்து, சரி விடு மார்லூ என்றான்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து எழுதினார். இனி ஒரு வீடு, ஒரு கை. இப்போதைக்கு ஆறு மாதம். எலி பாதி அளவுதான் இருக்க வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒன்று. ஏறி இறங்கப் பெட்டிக்குள் கெட்டியான கிளைகள் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை எடை. அடுத்தது மே பன்னிரண்டு. திடீரென்று பட்டினி போட்டாலும் கல்லீரல் கெடும், அதனால் இந்தக் கணக்கில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"கஷ்டம் எங்கன்னா, சாயங்காலம் ஆனா கண்ணாடில மூக்கை வெச்சு முட்டுவா. பசின்னு கேக்கற மாதிரியே இருக்கும். அப்பக் குடுக்காம இருக்கணும். அந்த ஆள் யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வால்டெசி உறையிலிருந்து உரிமைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். "என் பேர்ல இருக்கு. ஏழு கிலோன்னு சொன்னேன், எட்டே கால் தாண்டிடுச்சு. நான் கூட்டிட்டுப் போறேன்."

குரல் தாழ்வாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கை சீட்டின் மேலிருந்து நகரவில்லை.

ஜுசாரா கணக்குப் போட்டாள். தன் பக்கம் இருந்த நியாயத்தில் பாதி இப்போது போய்விட்டது. மீதிப் பாதி போதும் என்று முடிவு செய்தாள். அவள் வகுப்பில் எந்த மாணவனுக்கும் எதையும் நீளமாக விளக்கியது கிடையாது. ஒரு கேள்விதான் கேட்பாள்.

"காயிதம் உன் பேர்லதான். நான் மறுக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் வாழ்க்கையில யாருக்காவது ‘முடியாது’ன்னு சொல்லியிருக்கியா? ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு தடவ."

மார்லூசி மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு உதவ நினைத்தாள். விரலை மடக்கிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பமோன்யா மேசை விளிம்பிலிருந்து டாக்டரின் கைக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கேன்" என்றான் அவன் கடைசியில். "உன்கிட்ட."

ஜுசாரா நிமிர்ந்தாள்.

"அவங்களையெல்லாம் அனுப்பிட்டு நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கலாமா, முடியுமா முடியாதான்னு கேட்டே. முடியாதுன்னேன். நான் முடியாதுன்னு சொன்ன ஒரே ஆள் நீதான்." உரிமைச் சீட்டை அவள் பக்கம் தள்ளினான். "அவ கண்ணாடில ஒரு தடவ மூக்கை வெச்சா போதும், நான் குடுத்துடுவேன். எனக்கே தெரியும். நீ வெச்சுக்க. உன் பேருக்கு மாத்தி எழுதித் தரேன்."

டாக்டர் அந்த இடத்திலேயே எழுதச் சொன்னார். வால்டெசி எழுதினான். சில்லு எண்ணை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஜுசாரா தாளை வாங்கிக்கொண்டாள். நினைத்து வந்தது நடந்துவிட்டது. அவள் எதிர்பார்த்தபடி மனம் துள்ளவில்லை.

பாம்புப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. வெளியே வரும்போது அவள் ஒன்றைப் பிடிக்க, கேட்காமலே அவன் மற்றதைப் பிடித்தான். மார்லூசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனை எடுக்க முன்னால் ஓடினாள். பத்தரை மணி வெயிலில் நடைபாதையில் இருவரும் ஒரே அடி வைத்து நடந்தார்கள்.

"மே அஞ்சாம் தேதி நான் போறேன்" என்றான் வால்டெசி.

"எங்க?"

"போர்ட்டோ வெல்யோ. புதுசா மின்பாதை போடறாங்க. ரெண்டு வருஷம். கேட்டாங்க, சரின்னுட்டேன்."

ஜுசாரா நின்றாள். பெட்டி சாய்ந்து, உள்ளே எட்டு கிலோ நானூறு கிராம் அவள் பக்கமாகச் சரிந்தது. போர்ட்டோ வெல்யோவுக்குப் பஸ்ஸில் போனால் மூன்று நாள் ஆகும். அங்கிருந்து எந்தச் சனிக்கிழமையும் எந்த வேனும் வராது.

"அதுக்குத்தான் எடையச் சாக்கா வெச்சு இவளைக் கேட்டியா?"

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது, ஜுசா. நம்ம வீட்டுலேர்ந்து ஏதாவது ஒண்ணு கூட இருந்தா நல்லா இருக்குமேன்னு பாத்தேன். தனியாப் போகப் பயமா இருந்துச்சு."

ஜுசா என்று அவளை வேறு யாரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு நேரம் இதைச் சொல்லாமல் ஏழு கிலோ, எட்டு கிலோ என்று பேசிக்கொண்டிருந்தானே என்று. அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அது வலித்தது. இத்தனை மாதம் அவன்மேல் நிம்மதியாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்க முடிந்ததே, அவன் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்ததால்தான். பாம்பை ஜெயித்துவிட்டாள். அவன் வீட்டுக்குப் போய்வர இனி எதுவுமே இல்லை.

"உனக்குப் போக ஆசையா?" என்று கேட்டாள்.

"சம்மதமான்னுதான் கேட்டாங்க. ஆசையான்னு யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன்."

வால்டெசி தெருவைப் பார்த்தான். மார்லூசி வேனின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் பார்க்காதது போல நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல" என்றான்.

சத்தமில்லாமல் சொன்னாலும் தெளிவாகச் சொன்னான். சொன்ன பிறகு அவனே தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ஒரு கணம் திகைத்த மாதிரி இருந்தது. ஜுசாரா அவன் கையிலிருந்த கைப்பிடியையும் தானே வாங்கிக்கொண்டாள். பெட்டியின் முழுக் கனமும் அவள் இரண்டு கைக்கும் வந்தது. கீழே வைக்க அவளுக்கு மனமில்லை.

"அப்ப அதை அவங்ககிட்டச் சொல்லு. இப்பவே. நான் இங்கதான் நிக்கறேன்."

அவன் கைபேசியை எடுத்தான். எண்ணைத் தேடினான். அழைத்தான். மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. தோள் இறங்கிவிடும்போல் இருந்தது. உள்ளே பமோன்யா புரண்டு படுத்தாள். ஐந்தாவது மணியில் மறுமுனையில் யாரோ எடுத்து, காலை வணக்கம் சொல்லி, சாமான்களை அனுப்ப முகவரி கேட்டார்கள்.

வால்டெசி ஜுசாராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.